காமினோவில் சைக்கிள்: காஸ்ட்ரோஹெரிஸ் முதல் கரியோன் வரை ஒரு நிதானமான நாள் (கேள்வி பதில்)

பிரான்சிலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோ நகருக்குச் சுமார் 780 கி.மீ. நீளும் 'காமினோ பிரான்சேஸ்' யாத்திரைப் பாதையில், மெசேட்டா பீடபூமியில் விழும் ஒரு நாள் ஓட்டம் பற்றி வந்த கேள்விகள் இவை.

தினமும் ஓட்டிப் பழக்கமில்லை. ஒரே நாளில் முடியுமா?

தாராளமாக. மொத்தமே 45 கி.மீ. அளவுதான்: ஃப்ரோமிஸ்தா வரை 25, அங்கிருந்து கரியோன் 20. சுமையோடு மண்பாதையில் மணிக்கு 10 அல்லது 12 கி.மீ. என்று கணக்கு வையுங்கள். போவது மேற்கே; அதனால் காலையில் வெயில் முதுகில் விழும், பிற்பகலில் முகத்தில் அடிக்கும். காற்றும் பெரும்பாலும் எதிர்க்காற்றுதான், பொழுது ஏற ஏற வலுக்கும். ஜூலை, ஆகஸ்டில் ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

மொஸ்தெலாரெஸ் ஏற்றம் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே?

பயமுறுத்துவதில் நியாயம் இருக்கிறது. காஸ்ட்ரோஹெரிஸைத் தாண்டியதும் வருகிறது. 12 சதவீதச் சாய்வு, ஏறக்குறைய ஒரு கி.மீ. முன்பல்சக்கரத்தில் 32 பல், பின்னால் 42 பல் இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறலாம். பின்னால் 34தான் என்றால், பத்து கிலோ சுமையோடு பெரும்பாலோர் இறங்கித் தள்ளத்தான் வேண்டியிருக்கும். தள்ளினாலும் இருபது நிமிடம், அவ்வளவுதான்.

தவறு நடப்பது இரண்டு இடங்களில். ஒன்று, பாதி ஏற்றத்தில் அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றுவது. செயின் துள்ளும், சமயத்தில் அறுந்தும் போகும். சாய்வு தொடங்கும் முன்பே லேசான கியருக்கு வந்துவிடுங்கள். இன்னொன்று, எல்லாச் சுமையையும் பின் கேரியரில் ஏற்றுவது. முன்சக்கரம் தூக்கிக்கொண்டு கைப்பிடி நிலைகொள்ளாது. கனமான பொருள்களை முன்பையிலோ சட்டத்தின் நடுவிலோ வையுங்கள்.

ஏறியதைவிட இறக்கத்துக்குத்தான் அதிக மரியாதை தர வேண்டும். தொடக்கத்தில் 18 சதவீதம். இரு பிரேக்கையும் அழுத்துவதும் தளர்த்துவதுமாக மாறி மாறிப் பிடியுங்கள், உடம்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். கிளம்பும் முன் டிஸ்க் பிரேக் பேடைப் பாருங்கள். உரசும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டே புறப்படுங்கள். நடந்துபோகும் யாத்ரீகர்கள் நடுப்பாதையில் இருப்பார்கள். வழி அவர்களுடையது, தூரத்திலேயே மணியடித்து, நடைவேகத்தில் கடக்க வேண்டும்.

மழை பெய்திருந்தால்?

மண்பாதையை மறந்துவிட்டுத் தார்ச்சாலையைப் பிடியுங்கள். இங்கே பல இடங்களில் செம்பழுப்புக் களிமண். டயரோடு சுருண்டு, சட்டத்துக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும். மட்கார்டு இருந்தால் இன்னும் மோசம், நூறு மீட்டரில் சக்கரம் நின்றுவிடும். அப்போது வலுக்கட்டாயமாக மிதித்தால் பின் கியர் மாற்றி வளைந்து ஸ்போக்கில் சிக்கும். அந்த நாள் அதோடு முடிந்தது. சக்கரம் இறுகினால் இறங்குங்கள், குச்சியால் சுரண்டுங்கள். கியர் மாற்றியைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு ஒவ்வொரு சட்டத்துக்கும் வேறுவேறு. உங்கள் சைக்கிளுக்குரியதில் ஒன்று உபரியாகப் பையில் இருக்கட்டும்.

டயர்?

40 மி.மீ. அகலம், காற்று 2.5 முதல் 3 பார். பின்சக்கரத்தில் கொஞ்சம் கூடுதல். டியூப் இரண்டு.

கால்வாய்க் கரையில் சைக்கிள் விடலாமா?

விடலாம், இந்த நாளின் சுகமே அதுதான். முதலில் பிசுவெர்கா ஆற்றின் மேல் பதினொரு வளைவுகள் கொண்ட பழைய கல்பாலத்தில் புர்கோஸ் மாகாணம் முடிந்து பலென்சியா தொடங்கும். போவாடியா என்ற ஊரைத் தாண்டியதும் காஸ்தியா கால்வாயின் கரை. ஃப்ரோமிஸ்தா வரை சமதளம். 1753இல் தோண்டத் தொடங்கி 1849வரை நடந்த வேலை. தானியப் படகுகளைக் கரையிலிருந்து கோவேறு கழுதைகள் இழுத்த பாதையில்தான் இன்று நாம் மிதிக்கிறோம். தண்ணீர்ப் பக்கம் தடுப்பு கிடையாது, எதிரே ஆள் வந்தால் வேகத்தைக் குறையுங்கள். ஃப்ரோமிஸ்தாவில் அடுத்தடுத்து இருக்கும் நான்கு மதகுகள் அந்தக் காலத்தில் படகை 14 மீட்டர் இறக்கிவிட்டன. அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். ஊருக்குள் 11ஆம் நூற்றாண்டு சான் மார்த்தின் தேவாலயத்தில், கூரை விளிம்பைத் தாங்கும் செதுக்குக் கற்கள் முந்நூறுக்கு மேல்.

சுத்த சைவம். என்ன சாப்பிடுவது?

'தோர்தியா' வைத்த ரொட்டி கேளுங்கள், முட்டையும் உருளைக்கிழங்கும்தான். முட்டையும் ஆகாதென்றால் ரொட்டி, சீஸ், தக்காளி, பழம் என்று கடையில் வாங்கிக்கொள்வதே உத்தமம். 'என்சலாதா மிக்ஸ்தா' என்ற சாலட்டில் சூரை மீன் இருக்கும். பூண்டு சூப்பிலும் பருப்பிலும் பன்றி இறைச்சி ஒளிந்திருக்கும். 'சைவம்' என்று மட்டும் சொன்னால் போதாது. 'சின் கார்னே, சின் ஹமோன், சின் அத்தூன்' (இறைச்சி, பன்றித்தொடை, சூரை மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். கடைகள் பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்துவரை பொதுவாக மூடியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை நம்பவே வேண்டாம்.

ஃப்ரோமிஸ்தாவுக்குப் பிறகு எந்த வழி?

சாலையை ஒட்டியே நடைபாதை ஓடுகிறது. நேரான பாதைதான், ஆனால் சலிப்பு. குறுக்குப் பாதைகள் சந்திக்கும் இடங்களில் கல்தூண்கள் நிற்கும், பக்கப்பைகள் உரசும். பொப்லாசியோன் என்ற ஊரில் பிரிந்து, உசியேசா ஆற்றோரமாக வியோவியேகோ வழியே போனால் மர நிழல் கிடைக்கும்; இரண்டும் வியால்காசரில் சேரும். சாலையில் ஏறினால் ஹெல்மெட் கட்டாயம். ஊருக்கு வெளியே எல்லா வயதினருக்கும் அதுதான் ஸ்பெயின் சட்டம்.

தங்க இடம் கிடைக்குமா? சான்றிதழ்?

ஊராட்சி நடத்தும் விடுதிகளில் நடப்பவர்களுக்கே முன்னுரிமை. சைக்கிள்காரரை மாலைவரை காக்க வைக்கலாம். தனியார் விடுதியில் முன்பதிவு செய்து, சைக்கிளை உள்ளே பூட்ட இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். யாத்திரையை முடித்ததற்கான சான்றிதழுக்கு சைக்கிளில் கடைசி 200 கி.மீ. ஓட்டியாக வேண்டும், நடப்பவருக்கு 100. அந்த 200 கி.மீ.யில் யாத்ரீகர் அட்டையில் நாளுக்கு இரண்டு முத்திரை. கரியோனில் நீங்கள் இன்னும் சுமார் 400 கி.மீ. தள்ளி இருப்பதால், இப்போதைக்கு நாளுக்கு ஒன்று போதும்.

தண்ணீர்?

இரண்டு லிட்டர். 'நோ பொத்தாப்ளே' (குடிக்க உகந்ததல்ல) என்று எழுதிய குழாயில் குடிக்காதீர்கள். கரியோனுக்கு அப்பால் 17 கி.மீ.க்கு ஊரே கிடையாது, இரவே எல்லாப் பாட்டிலையும் நிரப்பி வையுங்கள்.