வாசகர் கேள்வி – பதில்: சிலம்பைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு

கேள்வி: இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘சிலப்பதிகாரத்தில் கோவலன் பாத்திரப் படைப்பு’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதித் தர வேண்டும். எங்கள் வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் ‘மாதவியிடம் மயங்கிப் பொருளிழந்தான், ஊழ்வினையால் மாண்டான்’ என்றுதான் எழுதுகிறோம். இதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது?
— மாணவி, திருவாரூர்

பதில்: நிறைய இருக்கிறது. நீங்கள் இப்போது எழுதுவது கோவலனுக்கு நேர்ந்தவற்றின் சுருக்கம். அவன் எத்தகைய மனிதன் என்பதற்கு அதில் விடை இல்லை. பாத்திரப் படைப்பைப் பற்றிய கட்டுரை அந்த விடையைத் தேடித்தான் எழுதப்பட வேண்டும்.

கோவலனும் மாதவியும் கடற்கரையில் ஒருவர்பின் ஒருவராகப் பாடும் கானல்வரியின் இறுதிப் பகுதியை எடுத்து மெதுவாகப் படியுங்கள். மாதவியின் பாட்டைக் கேட்ட கோவலன், ‘கானல்வரி யான்பாடத் தான்ஒன்றின்மேல் மனம்வைத்து மாயப்பொய் பலகூட்டும் மாயத்தாள் பாடினாள்’ என்று நினைக்கிறான். அடுத்த அடியிலேயே, ‘யாழிசைமேல் வைத்துத் தன் ஊழ்வினை வந்து உருத்தது ஆகலின்’ என்கிறார் இளங்கோவடிகள். மாணவர்கள் இரண்டாவது அடியை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு, ஊழ்தான் காரணம் என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் முதல் அடியில் இருப்பது கோவலனின் சொந்தத் தீர்ப்பு. தான் பாடியதும் ஒருத்தியை நினைத்துப் பாடுவதுபோலத்தானே இருந்தது என்று அவன் ஒரு கணமும் எண்ணவில்லை. ஊழ் வந்து நுழைவதற்கு அவன் மனத்தில் ஏற்கெனவே ஒரு கதவு திறந்திருக்கிறது. உடனே ‘கவவுக்கை ஞெகிழ்ந்தனனாய்’ எழுகிறான். கவவுக்கை என்பது தழுவியிருக்கும் கை. பிரிவு என்னும் பெரிய நிகழ்ச்சியைப் புலவர் ஒரு கை தளர்வதில் காட்டிவிடுகிறார். இந்த ஒரு சொல்லைப் பற்றியே நீங்கள் ஒரு பத்தி எழுதலாம்.

பிறகு மாதவியின் இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எட்டாவதாகிய வேனிற்காதையில் மாதவியின் தோழி வசந்தமாலை கொண்டுவந்த ஓலையைக் கோவலன் வாங்க மறுக்கிறான். அவள் ‘ஆடல் மகள்’, ஆகவே அவளுக்கு நடிப்பு இயல்பு என்பது அவன் சொல்லும் காரணம். பதின்மூன்றாவதாகிய புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகமாணி என்னும் அந்தண இளைஞன் கொண்டுவரும் ஓலையை அவன் பிரித்துப் படிக்கிறான். ‘என் பிழைப்பு அறியாது’ கையற்றுப் போன தன் நெஞ்சின் துயரைத் தீர்க்க வேண்டும் என்று அதில் மாதவி வேண்டியிருக்கிறாள். படித்து முடித்ததும், ‘தன் தீது இலள்’ என்று தளர்ச்சி நீங்கி, ‘என் தீது’ என்று உணர்கிறான். அதே பெண்தான், அதே பணிவுதான். ஆனால் படிப்பவன் மாறியிருக்கிறான். இடையில் செல்வத்தையும் ஊரையும் விட்டுக் காட்டு வழியில் கண்ணகியோடும் சமணத் துறவியாகிய கவுந்தியடிகளோடும் அவன் நடந்த நடை இருக்கிறது.

அந்த ஓலையை அவன் என்ன செய்கிறான் என்பதையும் கவனியுங்கள். தன் தந்தைக்கும் இதே சொற்கள் பொருந்தும் என்று சொல்லி, மண் முத்திரையிட்ட ஓலையாகிய அதே ‘மண்ணுடை முடங்க’லைத் தன் பெற்றோரிடம் சேர்க்குமாறு கோசிகனிடமே கொடுத்து அனுப்புகிறான். தான் எழுத வேண்டிய மன்னிப்புக் கடிதத்தைத் தன்னால் கைவிடப்பட்டவள் எழுதி வைத்திருக்கிறாள் என்று கண்டுகொள்கிற மனிதன் அவன். மாதவியைப் பழித்தவன் தன்னையே பழித்துக்கொள்பவனாக மாறும் இந்தப் போக்கை உங்கள் கட்டுரையின் முதுகெலும்பாக்குங்கள். அடைக்கலக் காதையில் மாடலன் என்னும் மறையவன் எடுத்துரைக்கும் கோவலனின் நற்செயல்களையும், முதிய அந்தணரை யானையிடமிருந்து காத்தது முதலானவற்றையும், விட்டுவிடாதீர்கள். அவன் கொலையுண்ணும் காதைக்கு நேர் முன்னால் புலவர் அவற்றை வைத்திருப்பதற்கு என்ன காரணம் இருக்கக்கூடும் என்று நீங்களே கேட்டு விடை தேடுங்கள்.

கேள்வி: மேனிலைப்பள்ளித் தமிழாசிரியை நான். ‘சிலம்பு உணர்த்தும் கருத்து’ பற்றி எழுதச் சொன்னால், நூலின் முன்னுரையாகிய பதிகத்தில் உள்ள மூன்று உண்மைகளையும் மனப்பாடமாக எழுதி நிறுத்திவிடுகிறார்கள். எழுதியது தவறும் இல்லை. இதை எப்படி மேலே கொண்டு செல்வது?
— ஆசிரியை, நாமக்கல்

பதில்: அரசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்றாகும், உரைசால் பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்னும் மூன்றும் பதிகமே சொல்பவை. ஆகவே அவற்றை எழுதிய மாணவரைக் குறை சொல்ல முடியாது. காப்பியம் உணர்த்தும் மையக் கருத்தைப் பாவிகம் என்பார்கள். ‘பாவிகம் என்பது காப்பியப் பண்பே’ என்கிறது அணியிலக்கண நூலாகிய தண்டியலங்காரம். பண்பு என்பது நூல் முழுவதும் பரவிக் கிடப்பது. அது முதல் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காக மற்றப் பக்கங்களைப் படிக்காமல் விட முடியாது என்பதை மாணவர்களுக்குப் புரியவையுங்கள்.

வகுப்பில் நான் கையாண்டு பயன் கண்ட வழி ஒன்று உண்டு. அந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது நூலில் எங்கே இடறுகிறது என்று தேடச் சொல்வேன். முதல் உண்மையைப் பாருங்கள். மாணவர்கள் பாண்டியனைக் கொடுங்கோலன் என்றே எழுதுகிறார்கள். நூல் காட்டுவதோ வேறொருவனை. ஊடல்கொண்ட அரசி தலைநோய் என்று சொல்லி எழுந்து போய்விட, அவளைத் தணிக்க விரைந்து கொண்டிருப்பவனை அரண்மனை வாயிலில் பொற்கொல்லன் சந்திக்கிறான். அந்த அவசரத்தில் அவன் சொல்வது, தேவியின் சிலம்பு ‘கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்று அச்சிலம்பு கொணர்க’ என்பது. ‘ஆகில்’ என்ற நிபந்தனை அந்த ஆணைக்குள் இருக்கிறது. ஆனால் நிபந்தனையைச் சோதிக்க அவன் நிற்கவில்லை. கண்ணகி அவனைக் கொடியவன் என்று அழைக்காமல் ‘தேரா மன்னா’ என்று அழைப்பதன் கூர்மை இங்கேதான் புலப்படும். தேர்தல் என்றால் ஆராய்தல். அவன் செய்த பிழை இன்னது என்பதை அவள் ஒரே எதிர்மறைப் பெயரெச்சத்தில் சொல்லிவிடுகிறாள். மனப்பாடப் பகுதியாகப் பல்லாயிரம் முறை ஒப்பிக்கப்பட்ட இந்த அடியில் அந்தச் சொல் ஏன் ‘தேரா’ என்று இருக்கிறது என ஒரு மாணவர் எழுந்து கேட்டுவிட்டால், அன்றைய வகுப்புக்கு வேறெதுவும் வேண்டாம்.

இதற்குமேல் வாழ்த்துக் காதைக்குப் போனால், தெய்வமாகிவிட்ட கண்ணகி, ‘தென்னவன் தீதிலன்’ என்றும் ‘நான் அவன் தன் மகள்’ என்றும் சொல்கிறாள். அறம் கூற்றாகி அவனைக் கொன்றது உண்மையென்றால், அவனால் எல்லாம் இழந்தவளே அவனைத் தீதிலன் என்பது எப்படி? இந்தக் கேள்வியை எழுப்பி, விடை முழுமையாகக் கிடைக்காமலேயே முடித்த மாணவருக்கும் நான் கூடுதல் மதிப்பெண் போட்டிருக்கிறேன். நீங்களும் போடுங்கள்.

கேள்வி: மேற்கோள்களை எவ்வளவு மனப்பாடம் செய்ய வேண்டும்?
— மாணவர், விருதுநகர்

பதில்: உங்கள் வாதத்துக்குத் தேவையான அளவு. எட்டு அடிகளை எழுதிவிட்டு ‘இதனால் அறியலாம்’ என்று முடிப்பதைவிட, இரண்டு அடிகளை எழுதி அவற்றிலுள்ள ஒரு சொல்லை விளக்குவது மேலானது. ‘சிலம்பு உள கொண்ம்’ என்பது மூன்றே சொற்கள். பொருளெல்லாம் தொலைத்துவிட்டு நாணி நிற்கும் கணவனிடம் புன்முறுவலோடு கண்ணகி சொல்பவை அவை. அவன் பேசியது தன் வறுமை தனக்குத் தரும் நாணத்தைப் பற்றி. அவள் அதை எப்படிக் கேட்டுக்கொண்டாள், மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லை என்றா, வேறு விதமாகவா என்று ஆராயத் தொடங்கினால் ஒரு பக்கம் எழுதலாம். கண்ணகியை வாய்பேசாத பொறுமைசாலி என்று எழுதுபவர்கள், கொலைக்களக் காதையில் ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்று அவள் கோவலனிடம் நேருக்கு நேர் சொல்வதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் மகள் கல்லூரிக் கட்டுரைகளைச் செல்பேசியில் உள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு எழுதுகிறாள். தடுக்க வேண்டுமா?
— ஒரு தந்தை, கோயம்புத்தூர்

பதில்: தடுப்பதற்கு முன்னால் அவள் எழுதியதை வாங்கிப் படித்து, ‘இந்த அடி எந்தக் காதையில் வருகிறது, அம்மா? புத்தகத்தில் எடுத்துக் காட்டு’ என்று கேளுங்கள். இல்லாத அடிகளை இளங்கோவடிகளின் பெயரில் எழுதிவந்த விடைத்தாள்களை நான் கையில் வைத்து வருந்தியிருக்கிறேன். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு உ.வே. சாமிநாதையர் 1892-இல் அச்சில் கொண்டுவந்த நூல் இது. ஒரு சொல் இப்படியா அப்படியா என்று அவர் பட்ட பாட்டுக்குப் பிறகு, நாம் போலி அடிகளை உலவவிடக் கூடாது. உங்கள் மகள் புத்தகத்தைத் திறந்து அந்த அடியைத் தேடும் வழியில் வேறு நான்கு அடிகள் அவள் கண்ணில் படும். கட்டுரைக்கான சொந்தக் கருத்து பெரும்பாலும் அந்த நான்கில்தான் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கண்ணகியம்மன் கோயிலில் வைகாசியில் கண்ணகி வழக்குரை என்னும் கதைப்பாட்டைப் படிப்பார்கள். அதில் கண்ணகி மாங்கனியில் தோன்றிய கதை வருகிறது. சிலப்பதிகாரக் கட்டுரையில் இதைச் சேர்க்கலாமா?
— மாணவி, மட்டக்களப்பு

பதில்: சேர்க்கலாம். எது இளங்கோவடிகள் சொன்னது, எது உங்கள் ஊர் மரபு என்பதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினால் போதும். வரந்தரு காதையில் ‘கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன்’ கண்ணகியை வழிபட வருகிறான் என்பதை நீங்கள் அறிவீர்கள். பாண்டியன் அரண்மனையில் மாங்கனியில் பிறந்த மகள் என்று உங்கள் கோயிலில் படிக்கப்படும் கதையையும், சிலம்பின் தெய்வக் கண்ணகி ‘நான் அவன் தன் மகள்’ என்று சொல்வதையும் எதிரெதிரே வைத்து ஒப்பிட்டு எழுதுங்கள். அந்தப் பாட்டைக் காதால் கேட்டு வளர்ந்த உங்களால் எழுதக்கூடிய கட்டுரை அது. எனக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கேள்வி: கோவலன், கண்ணகி, மாதவி, பாண்டியன் என்று நால்வரையே எல்லோரும் எழுதுகிறார்கள். சிறு பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டால் ஆசிரியர் ஏற்பாரா?
— முதுகலை மாணவர், திருநெல்வேலி

பதில்: ஏற்க வேண்டும். நீங்கள் மாதரியை எடுத்துக்கொள்ளுங்கள். கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்தது இந்த ஆயர்குல மூதாட்டியிடம்தான். அவள் வீட்டில்தான் கண்ணகி மெல்விரல் சிவக்கக் காய் அரிகிறாள், அவள் மகள் ஐயை வைக்கோலால் மூட்டித் தந்த அடுப்பில்தான் கோவலனுக்கான கடைசி உணவு சமைகிறது. பிறகு மாதரி நம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறாள். அவள் முடிவை நீர்ப்படைக் காதையில் மாடலன் சொல்லித்தான் நாம் அறிகிறோம். நள்ளிரவில் தாதெரு மன்றத்தில் எழுந்து நின்று, ‘கோவலன் தீதிலன் கோமகன் பிழைத்தான், அடைக்கலம் இழந்தேன் இடைக்குல மாக்காள், குடையும் கோலும் பிழைத்தவோ’ என்று கேட்டுவிட்டு அவள் தீயில் புகுந்தாள் என்கிறான். மோர் விற்கும் குலத்தைச் சேர்ந்த ஒரு கிழவி, அரசனின் குடையும் கோலும் தவறிவிட்டனவா என்று தன் சுற்றத்தாரிடம் கேட்கிறாள். கண்ணகி அரசனிடம் வழக்குரைத்தது அரசவையில். மாதரி வழக்குரைத்தது மாட்டுச் சாணம் உதிர்ந்து கிடக்கும் ஊர்ப் பொதுவிடத்தில்.

திருவாரூர் மாணவிக்கும் நாமக்கல் ஆசிரியைக்கும் எழுதிய பதில்களோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். மாதவியைத் ‘தன் தீது இலள்’ என்கிறான் கோவலன். கோவலனைத் ‘தீதிலன்’ என்கிறாள் மாதரி. பாண்டியனைத் ‘தீதிலன்’ என்கிறாள் கண்ணகி. மூன்று இடங்களிலும் ஒருவரைத் தீதற்றவர் என்று சொல்லும் வாய் எதையோ இழந்துவிட்ட வாய். ‘தீது’ என்ற இந்தச் சொல் நூலில் வேறு எங்கெல்லாம் வருகிறது, யார் யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று முப்பது காதைகளிலும் குறிப்பெடுத்துக்கொண்டு, மாதரியை நடுவில் வைத்து எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒரு படி எனக்கு அனுப்பி வையுங்கள். காத்திருப்பேன்.