செயின் கழல்கிறதா? முதலில் பின் சக்கரத்தைப் பாருங்கள்

சைக்கிளில் இன்ஜின் கிட் மாட்டியவர்களின் கடிதங்களே இந்த முறை அதிகம். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: செயின் பக்கம் கை வைக்கும் முன் இன்ஜின் தற்செயலாகக் கிளம்பாமலிருக்க ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றிவிடுங்கள். விரல் போனால் வராது.

பின் சக்கரம் சுற்றும்போது ஸ்ப்ராக்கெட் (இன்ஜின் செயின் ஓடும் பல் சக்கரம்) இடம் வலமாக ஆடுகிறது. எந்த போல்ட்டை இறுக்குவது?

முதலில் ரிம் கோட்டத்தை எடுங்கள். ஸ்ப்ராக்கெட் ஸ்போக்ஸ் கம்பிகள் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பிறகு கம்பியை முடுக்கினால் அதுவும் நகரும். ரிம் ஆட்டம் 1, 2 மி.மீ.க்குள் வந்தபின், ஒரு கம்பித் துண்டை ஃபிரேமில் கட்டி, முனையைப் பல்லுக்குப் பக்கத்தில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஸ்ப்ராக்கெட் எங்கே வெளியே வருகிறதோ, அங்கே கால் சுற்று இறுக்குங்கள். அடுத்து எதிர்ப்பக்க போல்ட். வரிசையாக இறுக்கிக்கொண்டே போனால் மறுபடி கோணும்.

செயின் ஒரு இடத்தில் தொய்கிறது, அரைச் சுற்றில் விறைக்கிறது.

ஸ்ப்ராக்கெட் ஹப்புக்கு மையமாக இல்லை. போல்ட்களைத் தளர்த்தி, நடு ஓட்டையைச் சுற்றி இடைவெளி சமமாகும்படி நகர்த்தி இறுக்குங்கள். அதிகம் விறைக்கும் இடத்திலும் அரை அங்குலத் தொய்வு வேண்டும்.

பழைய 28 இன்ச் சைக்கிள். ஸ்ப்ராக்கெட்டின் ஒன்பது போல்ட்டும் கம்பிகளுக்கு நடுவே சரியாக நுழையவில்லை. ஓட்டையை அகலப்படுத்தலாமா?

கூடாது. கம்பிகளை எண்ணிப் பாருங்கள், 40 இருக்கும். இந்த ஒன்பது போல்ட் அமைப்பு 36 கம்பிச் சக்கரத்துக்கானது: ஒரு பக்கம் 18 கம்பி, இரண்டு கம்பிக்கு ஒரு போல்ட். உங்கள் சக்கரத்தில் ஒரு பக்கம் 20. என்ன செய்தாலும் சில போல்ட்கள் கம்பியை நெருக்கும், கம்பி அறுந்துகொண்டே இருக்கும். 36 கம்பிச் சக்கரம் கட்டுங்கள், அல்லது ஹப்பையே கவ்விப் பிடிக்கும் அடாப்டரை, ஹப்பின் விட்டத்தை அளந்து வாங்குங்கள்.

செயின் அடிக்கடி கழல்கிறது. உடனே பதில் வேண்டும்.

பெடல் செயினா, இன்ஜின் செயினா? எந்தப் பக்கம் கழல்கிறது? எதுவும் எழுதாமல் அவசரப்பட்டால் எப்படி? இன்ஜின் செயின் என்றால், நேரான சட்டம் ஒன்றைப் பின் ஸ்ப்ராக்கெட் முகத்தில் ஒட்டிவைத்து முன் பல் சக்கரம் வரை பாருங்கள். விலகியிருந்தால் ஸ்ப்ராக்கெட்டைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். அதன் குழிவு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்துச் செயின் உள்ளேயோ வெளியேயோ போகும். அச்சு நேராக இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

டென்ஷனர் அடிக்கடி திரும்பிக்கொள்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை.

பல முறை எழுதியதுதான், மறுபடியும் எழுதுகிறேன். ஃபிரேம் குழாயைக் கவ்வி, உருளையால் செயினை அழுத்தும் இந்த டென்ஷனர் தொய்வை எடுக்கத்தான். கோணலை மறைக்க அல்ல. ஸ்ப்ராக்கெட் மையம் தப்பியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் செயின் அந்த உருளையைத் தூக்கி இறக்குகிறது. எந்த போல்ட்டும் அதைத் தாங்காது. ஃபிரேம் குழாயும் சீரான உருளை இல்லை, பின்னால் போகப் போகச் சிறுக்கிறது. பிடி கொஞ்சம் வழுக்கினால் டென்ஷனர் உள்பக்கம் திரும்பி ஸ்போக்ஸுக்குள் போய்விடும். 30 கி.மீ. வேகத்தில் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். கம்பிகள் அறுந்து, குழாய் நசுங்கி வரும் சைக்கிள்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. ஓட்டியவர் பிழைத்ததே பெரிது. இன்னும் முறுக்கினால் குழாய்தான் நசுங்கும்.

அச்சு முன்னும் பின்னும் நகரும் காடி இருந்தால், இன்ஜின் செயினில் ஒரு கண்ணியை எடுத்து, அச்சைப் பின்னால் இழுத்து டென்ஷனரே இல்லாமல் ஓட்டப் பாருங்கள். பெடல் செயினை அரைக் கண்ணி சேர்த்தோ எடுத்தோ ஒத்துவர வைக்கலாம். கியர் சைக்கிளில் காடி கீழ்நோக்கி இருக்கும், அங்கே டென்ஷனர் தேவைதான். அப்படியானால் நல்ல வெல்டரிடம் ஃபிரேமில் சிறு தட்டு வைத்து, டென்ஷனர் திரும்ப முடியாதபடி அதில் போல்ட் போடுங்கள். உருளை செயினின் நேர்கோட்டிலேயே நிற்க வேண்டும்.

80 சி.சி. கிட்டுக்குப் பதிவு தேவையா?

தேவை. 25 சி.சி.க்கு மேல் போனாலே மோட்டார் வாகனம்தான்.

போல்ட்களை எப்போது மறுபடி இறுக்குவது?

மாட்டியபின் 15, 20 கி.மீ. ஓட்டியதும். ஸ்ப்ராக்கெட்டைக் கம்பிகளோடு பிடிக்கும் ரப்பர் தட்டு அமுங்கி எல்லா போல்ட்டும் தளர்ந்திருக்கும். அப்புறம் மாதம் ஒரு முறை போதும். ரப்பர் வெடித்திருந்தால் இறுக்கிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.