குடியை விட மறுக்கும் அண்ணனைச் சிகிச்சைக்கு எப்படி அழைத்துச் செல்வது?

அண்ணன் தினமும் குடிப்பதாகவும், மருத்துவமனை என்றாலே சண்டைக்கு வருவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். அரசு மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவ வார்டில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

குடியை நிறுத்துவதற்காக எங்கள் வார்டுக்கு யாரும் வந்ததில்லை. மஞ்சள் காமாலை, இரத்த வாந்தி என்றுதான் வருவார்கள். சேர்ந்த மறுநாள் கை நடுக்கம் தொடங்கும். டீ டம்ளரை இரு கைகளாலும் பிடித்தாலும் பாதி சட்டையில் சிந்தும். குடி நின்ற 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும், அதன்பின் மனக்குழப்பமும் பிதற்றலும் சேரக்கூடும் என்பதால், அறையில் பூட்டி வைத்து நிறுத்தும் வீட்டு வைத்தியத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

நடுக்கம் அடங்கிய பிறகுதான் பேச்சு ஏறும். தொடக்கத்தில் நானும் கல்லீரல், மனைவி, பிள்ளைகள் என்று அறிவுரைதான் சொன்னேன்; கேட்டவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். மனநலப் பிரிவின் ஆலோசகர் ஒருவரோ, "குடியைப் பத்திக் கொஞ்சம் பேசலாமாண்ணே?" என்று முதலில் அனுமதி கேட்பார். இதுவரை எப்போதாவது குடிக்காமல் இருந்ததுண்டா என்று அவர் கேட்டபோது, "மாலை போட்டிருந்தப்ப 48 நாள் தொடவே இல்லீங்க" என்றார் ஒரு பெயின்டர். அந்த நாட்களில் தூக்கம் எப்படி இருந்தது, கையில் காசு தங்கியதா என்று அவர் கேட்கக் கேட்க, நாங்கள் சொல்ல நினைத்ததையெல்லாம் பெயின்டரே சொல்லி முடித்தார். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதிய முறை இது என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

"வியாழக்கிழமை வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பெயின்டர் வந்திருக்க மாட்டார். பேருந்து நிறுத்தத்துக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவில் டாஸ்மாக் கடை இருந்தது. ஆலோசகர் அப்போதே, கட்டியிருந்த கைலியோடு, அவரை மனநலப் பிரிவுக்கு நடத்தியே கூட்டிப் போனார்.

ஆகவே, அண்ணன் தெளிவாக இருக்கும் காலை வேளையில், அவராக வருத்தப்பட்டுச் சொன்ன ஏதேனும் ஒன்றிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். அதற்கு முன்பே போதை மீட்புக்கான தேசிய உதவி எண்ணான 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் விசாரித்து, எந்த மருத்துவமனை, அங்கே எந்தெந்த நாட்களில் பார்ப்பார்கள், யார் உடன் செல்வது என்பதை முடிவு செய்துவிடுங்கள். அவர் சரி என்றால் அன்றே கிளம்ப வேண்டும். சாம்பாரில் தெரியாமல் கலந்து கொடுக்க யாராவது மாத்திரை தந்தால் வாங்காதீர்கள். அது, குடித்தால் உடலுக்கு ஒவ்வாமல் போகச் செய்யும் டைசல்பிரம் என்ற மருந்தாக இருக்கலாம்; அது உள்ளே இருக்கும்போது அவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதை அவர் அறிய, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டும்.