1940-ல ஜெர்மன்காரன் பிரான்ஸ் மேல படையெடுத்தப்ப, செடான்ங்கிற பிரெஞ்சு ஊர்ல இருந்த பிரெஞ்சு 55-வது டிவிஷன் சண்டையே போடாம ஓடிடுச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?

பாதி உண்மைங்க. ஓட்டம் ஆரம்பிச்சது பின்னாடி இருந்த பீரங்கிக்காரங்க கிட்ட. மியூஸ் ஆத்தங்கரை பங்கர்கள்ல இருந்தவங்க நிறைய பேர் கடைசி வரைக்கும் சுட்டாங்க, டோன்ஷெரி பக்கம் ஆத்தைக் கடக்க வந்த ஜெர்மன் 2-வது பான்சர் (டாங்க்) டிவிஷனோட முதல் முயற்சியை முறியடிச்சதே அவங்கதான்.

இந்த டிவிஷன்ல இருந்தவங்க முப்பது வயசைத் தாண்டின ரிசர்வ் ஆளுங்க, நிரந்தர ஆபீசர்கள் சொற்பம், டாங்கை அடிக்கிற துப்பாக்கியும் பத்தாது, குளிர்காலம் பூரா கான்கிரீட் போடுற வேலையிலயே போச்சு, பயிற்சிக்கு நேரம் எங்க? கம்பெனிகளையும் கலைச்சுக் கலைச்சு மாத்தினதால பக்கத்துல இருக்கிறவன் யாருன்னே பலருக்குத் தெரியாது. அப்படிப்பட்டவங்களைத்தான் ஜெர்மன் டாங்க் படை ஜெனரல் குடேரியனோட படை வர்ற வழியில நிறுத்தினாங்க, காரணம், ஜெர்மன்காரன் பீரங்கியைக் கொண்டுவந்து சேர்க்கவே பல நாள் ஆகும்னு மேலிடத்துல கணக்குப் போட்டுட்டாங்க.

மே 13 காலையில இருந்து ஸ்டூக்காங்கிற ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்க அலை அலையா வந்து குண்டு போட்டுச்சு. செத்தவங்க கம்மிதான், ஆனா டெலிபோன் வயர் எல்லாம் அறுந்து போச்சு, அந்தச் சத்தத்துல மணிக்கணக்கா குழிக்குள்ள கிடந்தவங்க மனசு என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சாயங்காலம் புல்சோன் கிராமத்துக்கிட்ட "ஜெர்மன் டாங்க் வந்துருச்சு"ன்னு ஒரு வதந்தி. அதைக் கேட்டு பீரங்கிக்காரங்க கிளம்ப, பின்னாடியே எல்லாரும் ஓட, டிவிஷனோட தலைவர் ஜெனரல் லாஃபோன்தேன் லாரிகளை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தி தடுத்துப் பார்த்தார், முடியல. அந்த நேரத்துல ஒரு ஜெர்மன் டாங்க் கூட ஆத்தைக் கடக்கல! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கோழைங்கன்னு திட்டுறவங்க அடுத்து நடந்ததையும் பாக்கணும். அன்னைக்கு ராத்திரியே எதிர்த்தாக்குதல் நடத்த பிரெஞ்சு 213-வது ரெஜிமென்ட்டும் 7-வது டாங்க் பட்டாலியனும் கைவசம் இருந்துச்சு. ஆனா ஓடி வர்ற கூட்டத்துல ரோடு அடைச்சுக்கிச்சு, ஆர்டர் வரட்டும்னு மேல உள்ளவங்க காத்திருந்தாங்க, கடைசியா கிளம்பினது 14-ம் தேதி காலையில. அதுக்குள்ள ஜெர்மன்காரன் ராத்திரியோட ராத்திரியா பாலம் போட்டு டாங்கை இறக்கிட்டான். பிரெஞ்சு டாங்குகள்ல பெரும்பாலானது அன்னைக்குக் காலையிலேயே போச்சு, அந்த நாள் முடியறதுக்குள்ள 55-வது டிவிஷனும் இல்லாமப் போச்சு.