1996-ல் டிஜிட்டல் கேமரா எங்கே இருந்தது?

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் ஊட்டி. கோவையில் எம்.பி.ஏ. படிக்கிறேன். எங்கள் ஊரில் இருந்த பிலிம் ஆலையான ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் பற்றி ஒரு கேஸ் ஸ்டடி கொடுத்திருக்கிறார்கள். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் போடும் ஸ்வாட்டில் தொடங்குவதா, தொழிலில் உள்ள போட்டியை அலசும் போர்ட்டரின் ஐந்து விசைகளில் தொடங்குவதா? எத்தனை ஸ்லைடு போடலாம்? ‘டிஜிட்டல் வந்தது, நிர்வாகம் மாறவில்லை, கம்பெனி மூடப்பட்டது’ என்று முடித்திருக்கிறேன். என் பெரியப்பாவும் அங்கே வேலை பார்த்தவர்தான். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

க.

அன்புள்ள க.,

ஸ்லைடு எண்ணிக்கையை உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். ஸ்வாட்டா, போர்ட்டரா என்பதும் பெரிய விஷயமில்லை. ஹார்வர்டில் 1921-ல் எழுதப்பட்ட முதல் கேஸ் ஒரு காலணிக் கம்பெனியைப் பற்றியது. தொழிலாளர்கள் நேரத்துக்கு முன்பே ஏன் வேலையை நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் அதில் கேள்வி. ஸ்வாட் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. மாணவர்கள் யோசிக்கத்தான் செய்தார்கள்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். அதைப் படித்ததும் கோபம் வந்தது. இந்து பிலிம்ஸைப் பற்றி (உங்கள் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்தான்; ‘இந்து’ அதன் பிராண்ட் பெயர்) யார் பேசினாலும் இந்த ஒரு வரியைத்தான் சொல்கிறார்கள். ஊட்டிப் பிள்ளை நீங்களுமா?

தேதியைப் பாருங்கள். கம்பெனி தொடங்கியது 1960. உற்பத்தி தொடங்கியது 1967. நலிவடைந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது 1996. அந்த ஆண்டில் ஊட்டியில் யார் கையில் டிஜிட்டல் கேமரா இருந்தது? எங்கள் மாமா கமர்ஷியல் ரோட்டுப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் அங்கேதான் கிடப்பேன். இருட்டறையில் ஹைப்போ ரசாயன வாசனையோடு பிரிண்ட் அலசிக் கொடுப்பது என் வேலை. பாஸ்போர்ட் படத்துக்கு இந்து ரோல். கறுப்பு வெள்ளைக்கு அதில் குறை சொல்ல மாட்டார். 80களில் கல்யாண வீட்டுக்காரர்கள் கலர்தான் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். மாமா வெளிநாட்டு பிலிமுக்குப் போனார். உள்ளூர் ஆலையில் வேலை செய்த நண்பர்கள் தினமும் டீ குடிக்க வரும் கடை அது. அவர்கள் எதிரிலேயே அந்தப் பெட்டியைப் பிரிப்பார். அவருக்கு அது வருத்தம்தான். ஆனால் வாடிக்கையாளர் கேட்டது கலர்.

அப்படியானால் முதல் அடி விழுந்தது கறுப்பு வெள்ளையிலிருந்து கலருக்கு மாறிய இடத்தில். 1991-க்குப் பிறகு இறக்குமதி வரி படிப்படியாகக் குறைந்தது இரண்டாவது அடி. பாலியஸ்டர் எக்ஸ்ரே பிலிம் ஆலைக்காக வாங்கிய கடன் மூன்றாவது. டிஜிட்டல் வந்தபோது கம்பெனி ஏற்கெனவே படுக்கையில் இருந்தது. அமெரிக்க பிலிம் கம்பெனியான கோடாக்கின் கதையை எடுத்து ஊட்டிக்கு ஒட்டிவிட்டீர்கள். கோடாக் பொறியாளர் ஸ்டீவ் சாஸன் டிஜிட்டல் கேமராவைச் செய்தது 1975. கோடாக் திவால் மனு போட்டது 2012. அந்தக் கதைக்கு அந்த வரி ஓரளவு பொருந்தும். இங்கே பொருந்தாது.

எந்தக் கேஸைப் படித்தாலும் முதலில் ஒரு வெள்ளைத்தாளில் ஆண்டுகளை மேலிருந்து கீழாக எழுதுங்கள். எது முன்னால், எது பின்னால் என்று தெரிந்தாலே பாதிக் காரணங்கள் உதிர்ந்துவிடும். பின்னால் வந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாக முடியாது. இதைச் சொல்ல ஒரு கிழவன் தேவையா?

அதே தாளில் ஓர் ஆண்டின்மேல் விரலை வைத்து, அன்றைக்கு மேலாளர் நாற்காலியில் உட்காருங்கள். அதற்குக் கீழே உள்ள ஆண்டுகளை மறைத்துவிடுங்கள். கலருக்கு மக்கள் போகிறார்கள். உங்களிடம் இருப்பது கறுப்பு வெள்ளை ஆலை. கலர் தொழில்நுட்பத்தை வெளியிலிருந்து வாங்குவதா? பெரிய ரோலை இறக்குமதி செய்து வெட்டி விற்பதா? எக்ஸ்ரேயில் பணத்தைப் போடுவதா? ஆஸ்பத்திரிகள் அதன் பிறகும் பல ஆண்டுகள் எக்ஸ்ரே பிலிம் வாங்கிக்கொண்டுதான் இருந்தன. ஆக, எக்ஸ்ரேயைத் தேர்ந்தெடுத்தவர்கள் முட்டாள்கள் அல்ல. எவ்வளவு கடன், எந்த வட்டி, ஆலை தயாராக எத்தனை ஆண்டு, அதற்குள் வரி எவ்வளவு குறைந்தது என்று தோண்டுங்கள். முடிவு தெரிந்த பிறகு ‘நிர்வாகம் மாறவில்லை’ என்று எழுத எம்.பி.ஏ. வேண்டாம்.

பெரியப்பாவிடம் பேசினீர்களா? கடிதத்தில் அவரை ஒரு வரியில் விட்டுவிட்டீர்கள். எந்த ஆண்டு ஷிப்ட் குறைந்தது, எந்தப் பிரிவு முதலில் வெறிச்சோடியது, மூலப்பொருள் எப்போது வராமல் போனது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். நான்கு கட்டம் போட்டு நிரப்பும் முன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், அம்மா. மரியாதையாகக் கேளுங்கள். அவருடைய வாழ்க்கையைத்தான் நீங்கள் ‘பலவீனம்’ என்ற கட்டத்தில் எழுதப்போகிறீர்கள்.

லாப நட்டக் கணக்கில் ஒரே ஒரு வரியைத் தனியாகப் பாருங்கள். நட்டம் வட்டிக்கு முன்பே இருக்கிறதா, வட்டி சேர்ந்த பிறகு வருகிறதா? பிற்காலத்தில் இந்து பிலிம்ஸ் காட்டிய நட்டத்தில் பெரும்பகுதி வட்டிதான். அந்த வட்டி எந்த ஆண்டில் விற்பனையைத் தாண்டியது என்று கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள். ஸ்வாட்டை அதன் பிறகு போட்டுக்கொள்ளலாம்.