கவுன்சிலர் படிப்பு: கட்டணத்தைவிடப் பெரிய செலவு அந்த ஆறு மாதம்

கேள்வி: எனக்கு வயது 43. டர்பன் சாட்ஸ்வர்த்தில் சொந்த வீடு, பாண்டு (வீட்டுக் கடன்) இன்னும் 9 வருடம் பாக்கி. ஒரு துணிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், மாதம் 14,500 ரேண்ட். கணவர் டெலிவரி டிரைவர், 16,000. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கோவிலில் ஆடிக் கூழுக்குப் பாத்திரம் கழுவ உட்கார்ந்தால்கூட, யாராவது பக்கத்தில் வந்து வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி அழுகிறார்கள். முறையாகப் படித்து கவுன்சிலராக ஆசை. ஒரு தனியார் கல்லூரியில் மூன்று வருடப் பட்டம், வருடத்துக்கு 68,000 ரேண்ட். கடனும் அவர்களே ஏற்பாடு செய்கிறார்களாம், வட்டி 19%. பாண்டில் கூடுதலாகக் கட்டி வைத்த 62,000 இருக்கிறது. அதை எடுக்கவா, ஓய்வூதிய நிதியிலிருந்து எடுக்கவா, கடன் வாங்கவா?

பதில்: கட்டணத்துக்கு மூன்றும் வேண்டாம். பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தப் பட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

நீங்கள் அனுப்பிய விளம்பரத் தாளைப் படித்தேன். மூன்று வருடப் பட்டம், அதாவது என்.கியூ.எஃப் என்ற தேசியக் கல்வித் தகுதி வரிசையில் ஏழாம் நிலை. தென்னாப்பிரிக்காவில் ‘ரெஜிஸ்டர்டு கவுன்சிலர்’ என்று பலகை மாட்ட எச்.பி.சி.எஸ்.ஏ என்ற சுகாதாரத் தொழில் மன்றத்தின் சைக்காலஜி போர்டில் பதிவு வேண்டும். அதற்கு எட்டாம் நிலைப் படிப்பு தேவை: நான்கு வருட பி.சைக் (சைக்காலஜி தொழில் பட்டம்), அல்லது சைக்காலஜியில் மூன்று வருடப் பட்டமும் அதற்கு மேல் நேரடிப் பயிற்சி சேர்ந்த ஆனர்ஸும். அப்புறம் போர்டு தேர்வு. சாதாரண ஆனர்ஸ் போதாது, பயிற்சியும் போர்டின் அங்கீகாரமும் இருக்க வேண்டும். தாளில் ‘கவுன்சிலராகலாம்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பதிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பதிவு இல்லாமலும் தனியார் சங்கங்களில் சேர்ந்து ஆலோசனை சொல்கிறவர்கள் உண்டு, அது வேறு வழி. ஆனால் வருகிறவர்களுக்கு மெடிக்கல் எய்டு (மருத்துவச் செலவுத் திட்டம்) பணம் தர வேண்டுமென்றால் பதிவும் பிராக்டிஸ் எண்ணும் கேட்பார்கள். அந்தப் பட்டத்துக்கு 2,04,000 ரேண்ட் கட்டிய பிறகும் நீங்கள் பாதி வழியில்தான் நிற்பீர்கள். கடன் வாங்கினால், முதல் 68,000-க்கு முதல் மாதமே ஆயிரம் ரேண்டுக்கு மேல் வட்டிக்கே போய்விடும்.

என் யோசனை யூனிசா என்ற அரசுப் பல்கலைக்கழகம். தொலைநிலைக் கல்வி, வேலையை விட வேண்டாம், எடுக்கிற மாட்யூலுக்கு (பாடத்துக்கு) மட்டும் கட்டணம். பாடங்களுக்குப் பதியும்போது ஒரு பகுதியைக் கட்டியாக வேண்டும் என்பதால் வருடக் கடைசி போனஸில் கை வைக்காதீர்கள். பட்டம் 360 கிரெடிட். மாட்யூலுக்கு 12 என்றால் 30 மாட்யூல். வருடத்துக்கு ஆறு எடுத்தால் ஐந்து வருடம். அதற்கு மேல், போர்டு அங்கீகரித்த அந்த ஆனர்ஸ் தனி. ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. ஆறு மாட்யூலுக்கு 720 மணி, வாரத்துக்கு 14 மணி நேரம். சமையலும் கோவிலும் போக அது முடியுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதே 720 இன்னொரு இடத்தில் வருகிறது, அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பதிவுக்கான நேரடிப் பயிற்சியும் 720 மணி நேரம்தான், ஆனால் ஆறு மாதத்தில். வாரத்துக்குக் கிட்டத்தட்ட 28 மணி நேரம், அதுவும் பெரும்பாலும் பகலில், பெரும்பாலும் சம்பளமில்லாமல். கணக்கு எழுதிக்கொண்டே இதைச் செய்ய முடியாது. கட்டணத்துக்கெல்லாம் எப்படியோ வழி கண்டுபிடித்தவர்கள் இந்த ஆறு மாதத்தில் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் சம்பளம் ஆறு மாதத்துக்கு 87,000. பாண்டில் இருக்கும் 62,000-ஐ இதற்கென்று வையுங்கள், குறைவது 25,000. ஐந்து வருடத்தில் அதைச் சேர்க்க மாதம் 420 ரேண்ட் போதும். விலைவாசி ஏறும் என்பதால் 700 என்று வையுங்கள். அந்தப் பணமும் பாண்டிலேயே கிடக்கட்டும். அங்கே கிடக்கும் ஒவ்வொரு ரேண்டும் வீட்டுக் கடன் வட்டியைக் குறைக்கிறது, அந்த லாபத்துக்கு வரியும் இல்லை. முதலாளி அரை நாள் வேலைக்குச் சம்மதித்தால் தேவை இன்னும் குறையும்.

ஓய்வூதிய நிதியைத் தொடாதீர்கள். 2024 செப்டம்பரில் வந்த, ஓய்வூதியச் சேமிப்பைப் பிரித்து வைக்கும் இரண்டு பானை முறையில் சேமிப்புப் பானையிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எடுப்பது வருமானத்தோடு சேரும். உங்கள் சம்பளத்துக்கு 18% வரி. 20,000 எடுத்தால் 3,600 போய்விடும், நிதி நிர்வாகிகளின் கட்டணம் தனி.

என்.எஸ்.ஃபாஸ் என்ற அரசு மாணவர் உதவித் தொகை கிடைக்குமா என்று கேட்பீர்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000-ஐத் தாண்டக் கூடாது. உங்கள் இருவர் சம்பளம் 3,66,000. பதினாறாயிரத்தில் தவறிப்போகிறது, வயிற்றெரிச்சல்தான். கட்டும் கட்டணத்தைச் சம்பள வரியில் கழிக்கவும் முடியாது.

வருமானத்தைப் பற்றி ஒன்று. பதிவு பெற்ற கவுன்சிலர்களுக்கு அரசு வேலை குறைவு. பலர் சொந்தமாகத்தான் தொடங்குகிறார்கள், முதல் வருடங்களில் வாரத்துக்கு நாலு பேர் வந்தாலே பெரிது. கணக்கு வேலையை ஒரேயடியாக விடும் எண்ணம் இருந்தால் தள்ளிப் போடுங்கள். வயது தடையில்லை, ஐம்பது வயது அக்காவிடம் மனம் திறக்கிறவர்கள் இருபத்திநாலு வயதுப் பெண்ணிடம் திறப்பார்களா என்ன!

முதல் வருடம் மூன்று மாட்யூல் மட்டும் எடுத்துப் பாருங்கள். கூடவே லைஃப்லைன் போன்ற, தொலைபேசியில் ஆறுதல் சொல்லும் தொண்டு அமைப்பில் தன்னார்வலர் பயிற்சிக்கும் கேளுங்கள். கோவிலில் கேட்கிற அழுகையும் முன்பின் தெரியாதவரின் அழுகையும் ஒன்றல்ல.

அந்தக் கல்லூரி ஏஜென்ட் திரும்பக் கூப்பிட்டால், படிப்புக்கு சைக்காலஜி போர்டு அங்கீகாரம் தந்த கடிதத்தைக் கேளுங்கள். காட்டினால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், கணக்கை மாற்றிப் போட்டுத் தருகிறேன்.