பட்டியலுக்கு வராத ஆபத்து

அன்புள்ள ஐயா,

நான் ஓர் ஆலையின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆபத்துகளைப் பட்டியலிட்டு, நிகழும் வாய்ப்புக்கும் விளைவுக்கும் மதிப்பெண் போட்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் தீட்டுகிறோம். விமானத் துறையிலும் இதே முறைதான் என்று பயிற்சியில் சொன்னார்கள். பட்டியலுக்கே வராத ஆபத்தை அவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மு.

அன்புள்ள மு.,

பெரும்பாலும் அதை யாரோ ஏற்கெனவே கண்டிருப்பார்கள். தப்பிப் பிழைத்ததால் அது பெரிதாகப் பேசப்பட்டிருக்காது.

1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514 விமானம் வாஷிங்டன் அருகே டலஸ் விமான நிலையத்தை நெருங்கியது. தரையிறங்க நெருங்கலாம் என்று வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரிடம் அனுமதி கிடைத்ததும், 1,800 அடிக்கு இறங்கலாம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். வழியில் மலை இருந்தால் கட்டுப்பாட்டாளர் சொல்வார் என்று அவர்கள் நம்பினார்கள். உயரம் விமானியின் பொறுப்பு என்று கட்டுப்பாட்டாளர் இருந்துவிட்டார். வர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலைச்சரிவில் மோதி 92 பேரும் இறந்தார்கள்.

ஆறு வாரங்களுக்கு முன் யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே அனுமதியை அப்படியே புரிந்துகொண்டு, அதே மலையிடம் மயிரிழையில் தப்பியிருந்தது. நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. அவ்வளவுதான். போட்டி நிறுவனத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேர வழியே இல்லை.

இதற்குப் பிறகுதான் தவறுகளை ரகசியமாகத் தெரிவிக்கும் முறை அமெரிக்காவில் வந்தது. உரிமத்தைப் பறிக்கும் அதிகாரமுள்ள துறையிடமே யார் போய் ஒப்புக்கொள்வார்கள்? அதனால் 1976 முதல், தண்டிக்கும் அதிகாரமே இல்லாத நாசா அறிக்கைகளைப் பெற்று, பெயரை நீக்கி, எல்லோருக்கும் பரப்புகிறது. அந்த நிற அட்டவணைகளைவிட இதுவே பெரிய கண்டுபிடிப்பு என்பேன்.

சொன்னால் மட்டும் போதாது என்பதும் உண்மை. போயிங் 737இல் தரையில் புறப்படுவதற்கான அமைப்புகள் சரியாக இல்லையென்றால் ஒலிக்கும் அதே ஒலிதான், வானில் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் குறைந்தாலும் ஒலித்தது. விமானிகள் அதில் குழம்பியது முன்பே பதிவாகியிருந்தது. ஆனாலும் 2005இல் ஹீலியோஸ் 522 விமானிகள் அதே குழப்பத்தில் சிக்கி, ஆக்சிஜன் இல்லாமல் நினைவிழந்தார்கள்; ஏதென்ஸ் அருகே விமானம் விழுந்து 121 பேர் இறந்தார்கள். தனி எச்சரிக்கை விளக்கு கட்டாயமானது அதற்குப் பிறகுதான்.

உங்கள் ஆலையிலும் நூலிழையில் தப்பியவற்றை எழுதித்தர ஒரு படிவம் இருக்கும். அது யார் மேசைக்குப் போகிறது என்று பாருங்கள். ஊதிய உயர்வை முடிவுசெய்பவரின் மேசைக்கு என்றால், அட்டவணையை விட்டுவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.